முதியோருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: தகுதி பார்ப்பதிலிருந்து சிகிச்சை பெறுவது வரை

சென்ற ஆண்டின் ஐப்பசி மழையில் என் அம்மா புழக்கடையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு அப்போது 72 வயது. மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்றோம். அம்மாவுக்கு அந்த அட்டை பெறும் எல்லாத் தகுதியும் பல ஆண்டுகளாகவே இருந்தது. விண்ணப்பிக்க வேண்டும் என்று வீட்டில் எவரும் நினைக்கவில்லை. நகையை அடகு வைத்து அறுவை சிகிச்சையை முடித்தோம். அதன்பின் அட்டைக்காக நான்கு முறை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். அந்த நான்கில் மூன்று நடைகள், என்ன கொண்டுபோக வேண்டும் என்று எவராவது முன்பே சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று தெரிந்து ஸ்டென்ட் வைத்தபோது, அதே அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு எங்கள் கையிலிருந்து பணம் போகவில்லை.

தமிழ்நாட்டில் குறைந்த வருமானத்தில் வாழும் முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே கீழ்க்கண்டவற்றைச் செய்து முடித்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. திட்டம் எதைத் தருகிறது, எதைத் தராது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. காப்பீட்டுக்கான தவணைத் தொகையை அரசே செலுத்துகிறது. நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இத்திட்டத்தோடு இணைக்கப்பட்டே நடக்கிறது என்பதால், அதற்கென்று வேறோர் இடத்தில் விண்ணப்பிக்க வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம்.

அந்த 5 லட்சம் ஆளுக்கு 5 லட்சம் அன்று. குடும்பம் முழுமைக்கும் சேர்த்துத்தான். ஒரே ஆண்டில் அப்பாவுக்குப் பைபாஸ் அறுவையும் அம்மாவுக்கு மூட்டு மாற்றும் செய்ய வேண்டியிருந்தால், இரண்டும் அதே தொகையிலிருந்துதான் கழியும்.

அட்டை உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கும், பட்டியலிடப்பட்ட சில பரிசோதனைகளுக்கும் தொடர் சிகிச்சைகளுக்கும் உரியது. இதய அறுவை, மூட்டு மாற்று, டயாலிசிஸ், புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். ஆனால் மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும், புறநோயாளியாகக் காட்டும் மருத்துவர் கட்டணத்துக்கும் இந்த அட்டை பயன்படாது. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாத முதியோருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. இடுப்பு அறுவைக்குப் பிறகு என் அம்மாவை மீண்டும் நடக்க வைத்ததில் அப்படி வந்த சகோதரியின் பங்கு பெரிது.

2. வருமான வரம்பையும் குடும்ப அட்டையையும் சேர்த்துப் பாருங்கள்

தகுதிக்கு அடிப்படை, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதே. மாதக் கணக்கில் சொன்னால் 10,000 ரூபாய். முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. "நாங்கள் அப்போதே கேட்டோம், தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்" என்று சொல்லும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

இங்கே வருமானம் என்பது முதியவர் ஒருவருடைய வருமானத்தை மட்டும் குறிப்பதன்று. குடும்பத்தின் வருமானத்தைக் குறிக்கிறது. குடும்பம் என்பதில் குடும்பத் தலைவர், அவருடைய வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் அடங்குவர். இவர்களின் பெயர்கள் குடும்ப அட்டையில், அதாவது ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். முதியோர் விஷயத்தில் பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அம்மாவின் பெயர் நகரத்தில் வேலை பார்க்கும் மூத்த மகனின் அட்டையில் இருக்கும். அம்மா கிராமத்தில் தனியே பொங்கித் தின்று, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டிருப்பார். அவருடைய சொந்த வருமானம் ஆண்டுக்கு 14,400 ரூபாயாக இருந்தாலும், அட்டையின்படி மகனின் சம்பளமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அவர் உண்மையிலேயே தனியே வசித்துத் தனியே சமைப்பவர் என்றால், மகனின் அட்டையிலிருந்து பெயரை நீக்கி, வசிக்கும் முகவரியில் தனிக் குடும்ப அட்டைக்கு விண்ணப்பிப்பதுதான் முறையான வழி. வீட்டுக்கு வந்து தனிச் சமையல் நடக்கிறதா என்று விசாரித்த பிறகே புதிய அட்டை தருவார்கள் என்பதால், இதற்கு வாரக்கணக்கில் ஆகும். சில இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கிறது. எனவே இதை எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தொடங்குங்கள். ஒரே வீட்டில் ஒரே உலையில் உண்டுகொண்டு, காப்பீட்டுக்காக மட்டும் அட்டையைப் பிரிக்க முயல வேண்டாம். விசாரணையில் அது தெரிந்துவிடும். அடுத்து நேர்மையாகக் கேட்கும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இன்னொரு பொதுவான தவறு: குடும்பத் தலைவர் இறந்து ஆண்டுகள் பல ஆகியும் அட்டையில் அவர் பெயரே தலைவராக நிற்பது. எங்கள் வீட்டில் அப்பா இறந்து மூன்றாண்டு கழித்தும் அப்படித்தான் இருந்தது. என்னுடைய முதல் நடை அதனால்தான் வீணாயிற்று. இறப்புச் சான்றிதழைக் கொடுத்துத் தலைவர் பெயரை மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.

அரசு ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அவர்கள் அதையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு இல்லை. முகாமில் முதியவர்களை வைத்திருப்போர் இதை அறிந்திருக்க வேண்டும்.

3. பெயர், பிறந்த ஆண்டு, கைபேசி எண்: மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்

முதியோரின் ஆதாரை எடுத்து, குடும்ப அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் சரஸ்வதி, குடும்ப அட்டையில் சரசு. ஒன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து. ஒன்றில் 68 வயது, மற்றொன்றில் 74 வயது. நமக்கு இவை பெரிய வேறுபாடுகளாகத் தோன்றா. ஆனால் கணினியில் இரண்டு பதிவுகளும் பொருந்தவில்லை என்றால், மையத்தில் இருப்பவர் நினைத்தாலும் மேற்கொண்டு போக முடியாது. எந்த ஆவணத்தில் பிழை குறைவோ அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றதைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால், ஒன்றுக்கு மற்றொன்றைச் சான்றாகக் காட்ட முடியாமல் நடுவில் நின்றுவிடுவீர்கள்.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போது கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல முதியோரின் ஆதாரில், எப்போதோ பேரன் வைத்திருந்து கைவிட்ட எண்தான் இருக்கிறது. சரிபார்ப்புக்காக வரும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) யாருக்கோ போய்ச் சேரும். எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஆதார் மையத்தில் மாற்றுவதென்றால் முதியவர் நேரில் வர வேண்டும். இதற்குக் கட்டணம் 75 ரூபாய்.

கைரேகை மற்றொரு தடை. வயல்வேலையும் பாத்திரம் தேய்ப்பதுமாய் வாழ்ந்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். நியாயவிலைக் கடையிலேயே அவருடைய விரல் பதியாமல் திணறுகிறதென்றால், காப்பீட்டு மையத்திலும் அதே நிலைதான். ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ள 125 ரூபாய் ஆகும், முன்கூட்டியே செய்துவிடுங்கள். விரலைக் கழுவித் துடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் கழித்து வைத்தபோது என் அம்மாவுக்கு ரேகை பதிந்தது. எல்லோருக்கும் இது உதவுமென்று சொல்ல முடியாது. முயன்று பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. படுக்கையிலேயே இருப்பவர் என்றால், வீட்டுக்கே வந்து ஆதாரைப் புதுப்பிக்கும் வசதி பற்றி 1947 என்ற எண்ணில் கேளுங்கள்.

4. வருமானச் சான்று

கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய்த் துறை அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று கட்டாயம். பொது இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பதே நல்லது. கட்டணம் 60 ரூபாய். ஆதார், குடும்ப அட்டை, ஒரு புகைப்படம், வருமானம் பற்றிய உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் கேன் எண் என்ற ஒரு பதிவு எண் உருவாக்குவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னாளில் வேறு சான்றிதழ் எடுக்கும்போதும் உதவும்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகிறது. இணையத்தில் அனுப்பிவிட்டோமே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நான் அப்படி இருந்து பன்னிரண்டு நாள்களை இழந்தேன். விண்ணப்பித்த மறுநாளே ஒப்புகைச் சீட்டோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, முதியவரின் நிலையைச் சொல்லிவிட்டு வாருங்கள்; நேரில் தெரிந்தவருடைய விண்ணப்பம் விசாரணைக்காகக் காத்துக்கிடக்காது. இரண்டு வாரத்தை இதற்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தைக் குறிக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகை, ஆடு மாடு வளர்ப்பு, குத்தகை, நூறு நாள் வேலை ஆகிய எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலான ஏழை முதியோரின் வருமானம் வரம்புக்குள்தான் வரும். வரம்பைவிடக் குறைவாக இருக்கும்போது மேலும் குறைத்துக் காட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

அரசு அலுவலகத்துக்கு வெளியே நின்று, "அட்டையே வாங்கித் தருகிறேன், 1,500 கொடுங்கள்" என்று கேட்பவர்களை நம்பாதீர்கள். வருமானச் சான்றுக்கான 60 ரூபாயையும், தேவைப்பட்டால் ஆதார் திருத்தக் கட்டணத்தையும் தவிர, இந்த அட்டைக்கு எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

5. பதிவு மையத்தில்

காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இயங்குகிறது. அரசு நடத்தும் பெரிய மருத்துவ முகாம்களிலும் பதிவு செய்வதுண்டு. திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தை மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோக வேண்டியவை: வருமானச் சான்று, குடும்ப அட்டை, அட்டையில் பெயருள்ள எல்லோருடைய ஆதார், ஆதாரோடு இணைந்த எண்ணுள்ள கைபேசி. அசலும் வேண்டும், இரண்டிரண்டு நகல்களும் வேண்டும். ஆட்சியர் அலுவலக வாசலில் நகல் எடுக்கும் கடையில் நிற்கும் அரை மணி நேரத்தில் மையத்தின் வரிசை இரண்டு மடங்காகிவிடும்.

புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள் என்பதால், முதியவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். என் இரண்டாவது நடை, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனதால் வீணானது. திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், வளாகத்தில் உட்காரக்கூட இடம் இருக்காது. செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் மதியத்துக்குள் வேலை முடியும். குடிநீர், மதிய மாத்திரை, சர்க்கரை நோயாளி என்றால் சாப்பிட ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும்.

பதிவு முடிந்ததும் குடும்பத்துக்கான பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டபின் எங்களுக்கு அதை ஒரு தாளில் அச்சிட்டே தந்தார்கள். அந்தத் தாளில் முதியவரின் பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். என் நான்காவது நடைக்குக் காரணம், தங்கையின் பெயர் ஏறி அம்மாவின் பெயர் விடுபட்டதுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

ஏற்கனவே மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவருக்கு இப்போதுதான் அட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால், உள்நோயாளியாகச் சேர்ந்திருப்பதற்கான மருத்துவமனைக் கடிதத்தையும் கொண்டுபோய் அவசரத்தைச் சொல்லுங்கள். அம்மாவின் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவருக்கு, அவருடைய மகன் அப்படிப் போய் ஒரே நாளில் எண் வாங்கி வந்ததை நான் பார்த்தேன். வருமானச் சான்று ஏற்கனவே கையில் இருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் வீட்டில் வேறெதுவும் செய்ய நேரமில்லை என்றாலும், அந்த ஒரு சான்றையாவது எடுத்து வைத்துவிடுங்கள்.

6. மருத்துவமனைக்குப் போகும்போது

பெரிய தனியார் மருத்துவமனை, வாசலிலேயே திட்டத்தின் பலகை இருக்கிறது என்று நம்பி உள்ளே போய்விடக் கூடாது. ஒரு மருத்துவமனை மொத்தமாக அங்கீகரிக்கப்படுவதில்லை; துறைவாரியாகவே அங்கீகாரம் தரப்படுகிறது. இதயப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கும், எலும்புப் பிரிவுக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டும் உள்ளன. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, நோயின் பெயரைச் சொல்லி, உங்கள் மாவட்டத்தில் அந்தத் துறைக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எவை என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அங்கே போனதும், சேர்க்கைப் பிரிவுக்கு முன்பாகவே காப்பீட்டுத் திட்ட மேசைக்குச் செல்லுங்கள். திட்டத்துக்கென ஒரு தொடர்பு அலுவலர் அங்கு இருப்பார். அவரிடம் அட்டையைக் காட்டி, "இந்தத் திட்டத்தின் கீழ்தான் சேர்கிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அதன்பின் சேருங்கள். நமக்கு மிகப் பெரிய இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் முன்பணம் கட்டிப் பணம் செலுத்தும் நோயாளியாகச் சேர்ந்துவிட்டால், பிறகு திட்டத்துக்கு மாற்றுவது பெரும் போராட்டமாகிவிடும். இது பணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம்; பில்லைச் சேர்த்துவைத்துப் பின்னர் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சேர்ந்த பிறகு மருத்துவர் குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், நோயாளி படுக்கையில் இருக்கும் படம் ஆகியவற்றை மருத்துவமனை கணினி வழியே அனுப்பி, முன் அனுமதி கேட்கும். அனுமதி வந்த பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள். எங்களுக்கு மறுநாள் மாலை அனுமதி வந்தது. தாமதமானால் "காப்பீட்டிலிருந்து இன்னும் வரவில்லை" என்ற ஒரே பதிலோடு திரும்பிவிடாமல், கூடுதலாக ஏதேனும் ஆவணம் கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு எக்ஸ்ரே தெளிவாக இல்லை என்பதற்காகவே கோப்பு நின்றுபோயிருக்கும். எவரும் அதை உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.

பழைய மருத்துவச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள். முதியோருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் சேர்ந்தே இருப்பதால், இதய மருத்துவரின் கருத்து, மயக்க மருந்து வல்லுநரின் கருத்து என்று கூடுதல் தாள்கள் கேட்கப்படும்.

7. பணம் கேட்டால்

அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு அறை, மருந்து, அறுவைப் பொருள்கள், மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்தே தொகை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. பொதுப் பிரிவுப் படுக்கைதான் தருவார்கள். தனி அறை வேண்டுமென்று நாமே கேட்டால் திட்டத்துக்கு வெளியே போய்விடுவோம்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைக்குமுன், "உயர்தர ஸ்டென்ட் வேண்டுமானால் வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள்" என்று ஒருவர் வந்து சொன்னார். நான் அதை எழுத்தில் தரும்படியும், பணத்துக்கு ரசீது தரும்படியும் கேட்டேன். அதன்பின் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் கோபப்படாமல் இதையே கேளுங்கள். மீறிப் பணம் வாங்கியிருந்தால் ரசீதோடு கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். மாவட்ட அளவில் குறைதீர்க்கும் குழுவின் தலைவர் ஆட்சியரே என்பதால், திங்கட்கிழமை மனுவாகவும் கொடுக்கலாம். மாநில அரசின் குறைதீர்ப்புப் பிரிவான முதல்வரின் முகவரியின் உதவி எண் 1100.

8. எழுபது வயது கடந்தவர் என்றால்

2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. வயதுக்கு ஆதாரே சான்று. ஏற்கனவே ஆயுஷ்மான் பாரத்தில் உள்ள குடும்பத்து முதியவருக்கு, குடும்பத் தொகையிலிருந்து கழியாத தனி 5 லட்சமாக இது அமைகிறது. ஒரே வீட்டில் அத்தகைய முதியோர் இருவர் இருந்தால் இருவருக்கும் பொதுவானது. மருத்துவமனைக்குக் கிளம்புமுன், அந்த மருத்துவமனை இதை ஏற்கிறதா என்று 14555 என்ற எண்ணிலோ மாவட்டப் பதிவு மையத்திலோ உறுதிசெய்துகொள்ளுங்கள். வருமானம் வரம்புக்குள் இருப்பவர்கள், இதை நம்பி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தள்ளிப்போட வேண்டாம்.

9. அட்டை கைக்கு வந்தபின்

அட்டையின் இருபுறமும் படமெடுத்து, வீட்டில் உள்ள எல்லோருடைய கைபேசியிலும் வையுங்கள். அம்மா தம் அட்டையை நல்ல புடவைகளுக்கு நடுவே டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். நெஞ்சுவலி வந்த இரவில் சாவியைத் தேடி இருபது நிமிடம் போயிற்று. இப்போது அட்டையின் நகலும் ஆதார் நகலும், அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயர்கள் எழுதிய தாளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.